இடது பின்கதவு

பட்டனை அழுத்தினால் நான்கு சத்தம் கேட்க வேண்டும். மூன்றுதான் கேட்டது.

"இன்னொரு தடவ," என்றாள் சர்வேயர்.

ப்யூஸ் ரிமோட்டை மறுபடி அழுத்தினான். பதினேழு வயதான அந்தச் சாம்பல் நிறக் காரின் விளக்குகள் இரண்டு முறை மின்னின. டக், டக், டக். அவ்வளவுதான். இடது பின்கதவு மட்டும் வாயைத் திறக்கவில்லை. சர்வேயர் அதன் கைப்பிடியை இழுத்தாள். கதவு எந்த எதிர்ப்பும் இல்லாமல் திறந்துகொண்டது.

"லைட் ரெண்டு தடவ கண்ணடிச்சா பூட்டியாச்சுன்னு நம்பிடறோம் மேடம்," என்றான் ப்யூஸ். "என் கல்யாணமும் இப்படித்தான் நடந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. இருபது வருடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளை அளந்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக்கொடுத்தவள் அவள். வேலையை விட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் சர்வேயர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுடைய உதவியாளான ப்யூஸ் முன்பு லாரிகளுக்கு வயரிங் பார்த்தவன். அவன் கைபட்ட இடத்தில் ஏதாவது ஒன்று எரிந்துபோகும் என்பதால் வந்த பெயர் அது.

காருக்குச் சொந்தக்காரியான டாக்டர் நான்கடி தள்ளி, தூணை ஒட்டி நின்றாள். தன் சொந்தக் காரின் பக்கத்தில் வர அவளுக்குத் தைரியம் இல்லை. கிளினிக்கின் கீழ்த்தளத்தில் இருந்த அந்தப் பார்க்கிங்கில் நண்பகலிலும் குழல்விளக்குதான். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"திருட்டுன்னா பரவாயில்லைங்க," என்றாள் டாக்டர். "எதுவும் போகல. அதான் பயமா இருக்கு."

"வெள்ளிக்கிழமை நடந்தத மறுபடி சொல்லுங்க."

"மாமியாருக்குக் காய்ச்சல். மத்தியானம் நேரா வீட்டுக்குப் போயிட்டேன். வண்டியப் பூட்டிட்டு, சமையல்கட்டுல அவங்களுக்கு வெந்நீர் வச்சிட்டிருந்தேன். வாசல்ல கார்க்கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. படார்னு இல்ல. யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு மெதுவா அழுத்திச் சாத்துவாங்கல்ல, அந்தச் சத்தம்." அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கைக்குள் சுருட்டி இறுக்கினாள். "ஓடிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்ல. கேட் மட்டும் திறந்து கிடந்துச்சு. பின்சீட்டுக்குக் கீழ நான் எப்பவும் வைக்கற மருந்துப் பெட்டி, சீட் மேல இருந்துச்சு."

"அதாவது, கீழ இடம் காலி பண்ணியிருக்காங்க."

"நான் வழி பூரா பாடிட்டே வந்தேங்க. பின்னால ஒருத்தர் படுத்திருக்க, நான் பாடிட்டு வந்திருக்கேன்."

ப்யூஸ் பேச்சை வேலைக்குத் திருப்பினான். ரிமோட்டுக்குள் புது பேட்டரி போட்டிருந்தார்கள். வீட்டிலிருந்த இரண்டாவது ரிமோட்டிலும் அதே மூன்று சத்தம்தான். "ஆக ரிமோட் மேல தப்பு இல்ல. ப்யூஸ் போயிருந்தா நாலு கதவும் செத்திருக்கும். மூணு உயிரோட இருக்கு. ஆக நானும் நிரபராதி. மிச்சம் இருக்கறது இந்தக் கதவு மட்டும்தான்."

பின்கதவை முழுக்கத் திறந்து, கீல் பக்கம் மண்டியிட்டான். கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே கட்டைவிரல் தடிமனில் ஒரு ரப்பர்க் குழாய் இருந்தது. கதவுக்குப் போகும் வயர்கள் எல்லாம் அதற்குள்தான்.

"பழைய காருக்கு இதுதான் முழங்கை. கதவு திறக்கறப்பல்லாம் மடங்கி மடங்கி, ஒருநாள் உள்ள வயர் அறுந்துடும்." குழாயின் ஒரு முனையைப் பிதுக்கி எடுத்து டார்ச் அடித்தான். அவன் குரல் மாறியது. "மேடம், இங்க வாங்க."

பூட்டு மோட்டாருக்குப் போகும் வயர் இரண்டாகக் கிடந்தது. தானாக அறுந்த வயரின் முனை தேய்ந்த துடைப்பம் மாதிரி பிரிந்து, செம்பு கறுத்திருக்கும். இது நகம் வெட்டியது போல் நேராக இருந்தது. செம்பு பளபளத்தது. பிளாஸ்டிக் உறையின் ஓரத்தில் மட்டும் ஒரு சிறு பிசிறு.

"கட்டர்ல வெட்டியிருக்காங்க. கட்டரோட வாயில சின்ன உடைப்பு. வெட்டிட்டு ரப்பர அழகா பழையபடி மாட்டியிருக்காங்க. தொழில் தெரிஞ்ச கை."

சர்வேயர் டாக்டரைப் பார்த்தாள். "கடைசியா யார் கை வச்சாங்க?"

"மூணு வாரம் முன்னாடி ரிமோட் சுத்தமா வேலை செய்யல. பின்தெருவுல ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கார், அரை நாள்ல சரி பண்ணிக் குடுத்தார். நல்ல மனுஷன். அதிர்ந்துகூடப் பேச மாட்டார்."

வயரின் முனையில் ஒரு விரல்கடை நீளம் நறுக்கி ப்யூஸிடம் கொடுத்தாள் சர்வேயர். "அவர்கிட்ட இதக் காட்டி, இப்படி வெட்டற கட்டர் யார்கிட்ட இருக்கும்னு மட்டும் கேளு. எந்தக் கார்னு மூச்சு விடாதே."

"என் வாய்க்கு ரிமோட்டே வேணாம் மேடம். கையாலயே பூட்டிக்கறேன்." அவன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனான்.

சர்வேயர் காருக்குள் தலையை நுழைத்தாள். டாஷ்போர்டில் பச்சைத் துணி உறை போட்ட ஒரு டிஷ்யூ டப்பா. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கையால் அளந்தாள். ஒன்றரைச் சாண். "முன்சீட் நகருமா?"

"ரெண்டுமே துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. பல வருஷமாச்சு."

அளவைக் குறித்துக்கொண்டாள். பழக்கதோஷம். "வெள்ளிக்கிழமை உங்க மாமியாருக்குக் காய்ச்சல் இல்லன்னா, எங்க போயிருப்பீங்க?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மறுபடி சுருட்டினாள். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"டாக்டர், ஒரு ஆள் உங்க முதுகுக்குப் பின்னால அரைமணி நேரம் படுத்து வந்திருக்கான். உங்கள ஒண்ணும் பண்ணல. அவனுக்கு நீங்க வேணாம். நீங்க போற இடம்தான் வேணும்."

டாக்டர் பார்க்கிங்கை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். "செவ்வாயும் வெள்ளியும் ரெண்டு மணிக்குக் கிளம்புவேன். அடி தாங்க முடியாம வீட்ட விட்டு வந்த பொண்ணுங்க தங்கற இடம் அது. வாசல்ல போர்டு கிடையாது. அட்ரஸ் என் வீட்டுல கூடத் தெரியாது. என் வண்டின்னா கேட்டத் திறந்து நேரா உள்ள விட்டுடுவாங்க. பின்னால எல்லாம் பார்க்க மாட்டாங்க." அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை மட்டும் நான் அங்க போயிருந்தா..."

அன்று செவ்வாய்க்கிழமை. மணி ஒன்று பத்து.

*

எலக்ட்ரீஷியனின் கடையில் ஒரு தூசி இல்லை. சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்குள்ளேயே மாட்டியிருந்தது. ஒரே ஒரு கோடு மட்டும் காலி. இருப்பதிலேயே சின்னது.

அவன் வயர்த் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான்.

"இது அறுந்ததில்ல. வெட்டினது," என்றான் மெல்லிய குரலில். "வாய் உடைஞ்ச சின்ன கட்டர். எந்த வண்டி?"

"சும்மா ஒரு வண்டி."

"பச்சையில மஞ்சக் கோடு. இந்த வயர் இப்ப வர்ற வண்டில கிடையாது. டாக்டரம்மா வண்டியா?"

"நீங்களே சொல்லிட்டீங்க. நான் சொல்லல," என்று சிரித்தான் ப்யூஸ். சிரித்த பிறகுதான், அதுவே ஒரு பதில் என்று உறைத்தது.

"எந்தக் கதவு?"

"இடது பின்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எலக்ட்ரீஷியன் பலகையின் காலிக் கோட்டைத் திரும்பிப் பார்த்தான். "பொண்ணு ஸ்கூல்ல இருக்கா," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு சோப்புப் போட்டு ஒவ்வொரு விரலாகக் கழுவினான். ஷட்டரை இழுத்து விட்டான். எந்தச் சத்தமும் இல்லாமல், எந்த அவசரமும் இல்லாமல், கடை வேனில் ஏறிப் போய்விட்டான்.

ப்யூஸ் வெயிலில் நின்றான். அந்த ஆள் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனாலும் ஸ்கூட்டர் சாவியைத் துவாரத்தில் நுழைக்க அவனுக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

*

சர்வேயர் டாக்டரின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கிளினிக்கின் மாடிப்படியிலிருந்து காரைக் கண்காணித்தாள். ஒன்று ஐம்பதுக்கு ஒரு மருந்து லாரி வந்து குறுக்கே நின்றது. நான்கு நிமிடம் காரே தெரியவில்லை. லாரி நகர்ந்தபோது, பின்கண்ணாடி வழியாக மருந்துப் பெட்டியின் மூலை தெரிந்தது. கீழே வைத்திருந்த பெட்டி சீட் மேல் ஏறியிருந்தது.

உள்ளே ஆள் வந்தாயிற்று.

போலீசுக்கு போன் செய்து, அவர்கள் வரும்வரை காத்திருக்கலாம். அதற்குள் அவன் இறங்கிப் போய்விட்டால், அடுத்த முறை வேறு வழி கண்டுபிடிப்பான். காரையே ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டால் தப்ப முடியாது. பத்து நிமிட ஓட்டம்தான். அப்படித்தான் திட்டம் போட்டிருந்தாள். ஸ்கூட்டரில் பின்னால் வர வேண்டிய ப்யூஸை மட்டும் காணவில்லை.

படியில் இறங்கினாள். டாக்டர் செய்வது போலவே ரிமோட்டை அழுத்தினாள். பின்னால் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். கழுத்துக்குப் பின்னால் அந்த ஒன்றரைச் சாண் இடம். சாவியைத் திருப்புவதற்கு முன்பு அரை நொடி முழு அமைதி. அந்த அமைதியில் யாரோ மூச்சை அடக்குவது கேட்டது.

வண்டி மேலே ஏறித் தெருவுக்கு வந்தது. எந்த நொடியும் ஒரு கை சீட்டைத் தாண்டி வரும் என்று கழுத்து எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. காதில் மாட்டியிருந்த போன் அழைத்தது.

"மேடம், ஒரு விஷயம்," என்றான் ப்யூஸ். மூச்சு வாங்கியது. "அந்தாளு கடையச் சாத்திட்டுக் கிளம்பிட்டான். அவன்கிட்ட நான் கட்டரத்தான் கேட்டேன். அவன் பொண்ணப் பத்திச் சொல்றான். ஸ்கூல்ல இருக்காளாம். நான் பொண்ணப் பத்திக் கேக்கவே இல்லயே."

சர்வேயரின் கை தானாக அளவு எடுத்தது. ஒன்றரைச் சாண். முன்சீட் நகராது. கார்த்தரையின் நடுவில் மேடு வேறு. வளர்ந்த ஆண் எவனும் அந்த இடத்தில் அரைமணி நேரம் படுக்க முடியாது. எண்ணைக் குறித்துக்கொண்டவளுக்கு அந்த எண் சொன்னது அப்போது காதில் விழவில்லை.

போனைத் துண்டித்தாள். குரலைத் தாழ்த்தி, முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "கழுத்து வலிக்கும்மா. எழுந்து உக்காரு."

பின்னால் ஒன்றும் அசையவில்லை.

"நான் டாக்டர் இல்ல. திட்டவும் மாட்டேன். எழுந்துரு."

மெல்ல ஒரு தலை எழுந்தது. இரட்டைப் பின்னல், ஸ்கூல் சட்டை. பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. மடியில் ஒரு சின்னக் கட்டரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"நீதான் வெட்டினியா?"

தலையாட்டல். பிறகு பேச்சு அடக்க முடியாமல் வந்தது. "கதவோட உள்பக்க அட்டையக் கழட்டினா அப்பா கண்டுபிடிச்சுடுவார். ரப்பருக்குள்ள யாரும் பார்க்க மாட்டாங்கன்னு, அவர் வேலைய முடிச்சுட்டுக் கை கழுவப் போனப்ப வெட்டினேன். வெள்ளிக்கிழமை டாக்டர் வேற எங்கயோ போயிட்டாங்க. எனக்கு வழி தெரியல. ரெண்டு மணி நேரம் நடந்தேன்."

"உங்கம்மா அங்க இருக்காங்கன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்பா வண்டிய சரி பண்றப்ப நான்தான் டார்ச் பிடிச்சேன். அந்த டிஷ்யூ டப்பா உறை அம்மா தச்சது. ஓரத்துல முடிச்ச ரெண்டு தடவ போட்டு, நூலத் திருப்பி உள்ள விடுவாங்க. வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க. கிளினிக் வாசல்ல நின்னு பார்த்தேன், செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் மத்தியானமே கிளம்பிடுவாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் ஸ்கூல்ல இருந்தப்ப அம்மா தம்பியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்ன வேணாம்னு போயிட்டாங்கன்னு அப்பா சொன்னார். அதக் கேக்கணும். அவ்வளவுதான்."

அப்போது சிக்னல் சிவப்பானது. சர்வேயர் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் சிறுமியைப் பார்த்தாள். சிறுமி அவளைப் பார்க்கவில்லை. பின்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வேன்," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

மூன்று வண்டிகளுக்குப் பின்னால் நின்ற வேனின் கதவு திறந்தது. எலக்ட்ரீஷியன் இறங்கினான். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே, கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்து வந்தான். சர்வேயர் டாஷ்போர்டில் இருந்த பூட்டுப் பொத்தானை அழுத்தினாள். டக், டக், டக்.

அவன் ஓட்டுநர் பக்கம் வரவில்லை. நான்கு கதவு இருக்க, நேராக இடது பின்கதவுக்குத்தான் வந்தான். ப்யூஸ் என்ன செய்திருக்கிறான் என்று அந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது.

"கண்ணாடிக்குக் கீழ ஒரு குமிழ் இருக்கு பாரு. அத அழுத்து. மோட்டார்தான் செத்திருக்கு, பூட்டு நல்லாத்தான் இருக்கு. அழுத்தும்மா."

சிறுமியின் கை அசையவில்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரல்கள் கைப்பிடியின் அடியில் நுழைந்தன.

"உங்கம்மாகிட்டக் கேக்கணும்னு சொன்னியே. அழுத்து."

சிறுமி உள்ளங்கையால் குமிழை அறைந்து இறக்கினாள். கைப்பிடி மேலே வந்தது. கதவு வரவில்லை. அவன் இன்னொரு முறை இழுத்தான். பிறகு குனிந்து, கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்து, மிக மென்மையாகச் சொன்னான். "வாம்மா. வீட்டுக்குப் போலாம்."

சிக்னல் பச்சையானது. சர்வேயர் ஹாரனில் கையை வைத்தபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். அந்தக் கையை ஸ்டேஷன் வாசல் வரை எடுக்கவில்லை.

*

அவனும் பின்னாலேயே வந்தான். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வேனை ஒழுங்காக ஓரத்தில் நிறுத்தி, வெளியே வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் வைத்தான்.

"மேடம், இவங்க என் பொண்ண ஸ்கூல் நேரத்துல கார்ல கடத்திட்டுப் போறாங்க. நான் பெத்த அப்பன். அவளையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் சர்வேயரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்ல."

"பொண்ணுக்கு என்ன உறவு?"

"உறவு இல்ல."

சொல்லச் சொல்ல, தன் பக்கம் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. இன்ஸ்பெக்டர் காருக்குப் போனார். சிறுமி இன்னும் குமிழை அழுத்திப் பிடித்திருந்தாள். கண்ணாடி மட்டும் இரண்டு விரல் இறங்கியது.

"இவர் உங்கப்பாவா?"

"ஆமா."

"அவரோட போறியாம்மா? நல்லாத்தான பேசறார். சத்தம்கூடப் போடலயே."

சிறுமி அப்பாவின் கையைப் பார்த்தாள். அப்பன் கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தான்.

"சத்தம் போடாத அன்னிக்குத்தான் அடிப்பார்," என்றாள் சிறுமி.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். அவனை ஒரு முறை பார்த்தார். பிறகு காவலரைக் கூப்பிட்டு, "இவர உள்ள உக்கார வைங்க. நான் சொல்ற வரைக்கும் போகக் கூடாது," என்றார். அவன் மறுப்பே சொல்லாமல் நடந்தான். வாசற்படியில் ஒரு முறை திரும்பி மகளைப் பார்த்துத் தலையசைத்தான். அந்தத் தலையசைப்புக்கு அவள் உடம்பு பின்வாங்கியதை இன்ஸ்பெக்டரும் பார்த்தார்.

கால் மணி நேரத்தில் டாக்டர் ப்யூஸின் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். டிஷ்யூ உறையைத் தைத்துக் கொடுத்த பெண் அந்த இல்லத்துக்கு வந்த நாளில் அவள் உடம்பில் தான் கண்ட காயங்களையும், எழுதிவைத்த குறிப்புகளையும் இன்ஸ்பெக்டரிடம் தனியறையில் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொரு செவ்வாயும் தன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான் என்றாள். மூத்தவளைத் தன்னிடம் தரச் சொல்லிக் கோர்ட்டில் போட்ட மனு என்ன ஆயிற்று என்று.

ப்யூஸ் காரின் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். "மேடம், எந்தக் கதவுன்னு நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"தெரியும்."

அவனிடம் ஒரு நகைச்சுவையும் இல்லை. அவளும் திட்டவில்லை. தானும் ஒரு அளவை எழுதி வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் விட்டவள்தான்.

டாக்டர் போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தாள். "கூப்பிட்டிருக்கேன். அவங்க அம்மாவ லைன்ல வரச் சொல்லியிருக்கேன்," என்று சொல்லி, கண்ணாடி இடுக்கு வழியாகப் போனை உள்ளே நீட்டினாள்.

சிறுமி வாங்கிக் காதில் வைத்தாள். வயரை வெட்டியவள், இரண்டு மணி நேரம் நடந்தவள், இரண்டு முறை கார்த்தரையில் மடங்கிக் கிடந்தவள். கேட்க வேண்டியதை மூன்று வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாய் திறக்கவில்லை. மூச்சு மட்டும் வந்து வந்து போனது. உள்ளறையில் அவள் அப்பா யாரிடமோ தணிந்த குரலில் தண்ணீர் கேட்பது எல்லோருக்கும் கேட்டது.

போனின் மறுமுனை அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் குரல் சொன்னது, வெளியே நின்ற சர்வேயருக்குக் கூடக் கேட்டது.

"மூக்கு அடைச்சிருக்கு உனக்கு. எத்தன நாளா பாப்பா?"

சிறுமி குமிழிலிருந்து கையை எடுத்தாள்.

"நாலு நாளா," என்றாள்.